கதவுக்குத் தெரிந்த முகம்

டீயில் சீனி கொஞ்சம் தூக்கல், முருகலட்சுமி மேடம். குறையாகச் சொல்லவில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்றவனுக்கு டீயும் வாங்கிக் கொடுத்து, சொல்லுங்கள் சொல்லுங்கள் என்று எதிரில் உட்கார ஒரு சப்-இன்ஸ்பெக்டர் கிடைப்பது லேசா. இந்த அருப்புக்கோட்டையில் நான் வாயைத் திறந்தால் நாய்கூட வேறு தெருவுக்குக் குடிபோய்விடும்.

கதவைப் பற்றித்தானே கேட்கிறீர்கள். அதற்கு மில்லிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

நான் நூல் மில்லில் முப்பது வருஷம் டைம் ஆபீஸ் பார்த்தவன். அந்த மில் இப்போது மூடிக் கிடக்கிறது, பெயர் வேண்டாம். வேலைக்கு வருகிறவர்களைக் குறித்துக்கொள்வது பாதி வேலை. மீதிப் பாதி, வெளியே போகிறவர்களுக்கு அவுட்பாஸ் கொடுப்பது. மில் விடுதியில் தங்கியிருந்த பெண்பிள்ளைகள் ஒருத்திகூட என் கையெழுத்து இல்லாமல் கேட்டைத் தாண்டியதில்லை. அம்மாவுக்குக் காய்ச்சல், அக்காவுக்கு வளைகாப்பு என்று வந்து நிற்பார்கள். எனக்கு முகத்தைப் பார்த்தாலே தெரியும், இது திரும்பி வருகிற முகமா, வராத முகமா என்று. வராத முகத்துக்குப் பாஸ் கிடையாது. அழுவார்கள். பிறகு சாப்பிடப் போய்விடுவார்கள். அதற்காகவே முதலாளி எனக்கு ஒரு சுவர்க்கடிகாரம் பரிசளித்தார். அது மணியடித்தால் பக்கத்து ஊர் பாலவனத்தத்தில் அடுப்பு பற்றவைப்பார்கள்.

என் மனைவி பாலாமணி போனபிறகு வீட்டில் நானும் அந்தக் கடிகாரமும்தான். மகன் கணேஷ்குமாருக்குப் பெங்களூரில் வேலை. போன தை மாதம் காரியாபட்டியில் பெண்ணெடுத்தோம். பானுப்பிரியா, கம்ப்யூட்டர் படித்த பிள்ளை. மகன் நாலு பேரோடு ஒரே அறையில் இருந்ததால், வீடு பார்க்கும்வரை இவள் என்னோடு இருக்கட்டும் என்று ஏற்பாடு. அவள் வந்த அன்று நாலு வெங்காயத்தை நறுக்கி ஒரு குழம்பு வைத்தாள் பாருங்கள், நான் தட்டையும் சேர்த்துத் தின்றிருப்பேன், எவர்சில்வர் என்பதால் விட்டேன்.

தெருவில் ஒரு சங்கிலிப் பறிப்பு நடந்தது. முகத்தைப் பார்த்துத் திறக்கிற கதவு போடலாமா தாயி என்று அவளைக் கேட்டேன். அவளுக்கு ஒரே சந்தோஷம். அவளுடைய பழைய லேப்டாப்பை எடுத்து வந்தாள். முகம் கண்டுபிடிக்க யாரோ ஒரு புண்ணியவான் ஏற்கனவே நிரல் எழுதி வைத்திருக்கிறானாம். அதற்கு லைப்ரரி என்று பெயர். புத்தகம் ஒன்றும் கிடையாது. அதை இறக்கிக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

"மாமா, விண்டோஸ்ல இது லேசுல ஏறாது," என்றாள்.

"ஏன், நம்ம வீட்டுல கை நனைக்க மாட்டேங்குதா?"

"அப்படித்தான் வச்சுக்கோங்க. இது வரணும்னா டிலிப்னு ஒண்ணு வரணும். அது வரணும்னா சிமேக்கு வரணும். அதுக்கப்புறம் சி பிளஸ் பிளஸ் சாமான் பூரா வரணும்."

எனக்கு நன்றாகப் புரிந்தது. கல்யாணப் பந்தியில் சித்தப்பா உட்கார்ந்தால்தான் நான் உட்காருவேன் என்பார் ஒருவர். சித்தப்பாவோ மச்சினனைத் தேடிக்கொண்டிருப்பார். திரையில் சிவப்பு எழுத்து கொட்டியது, இந்த வருஷம் நம் ஊரில் பெய்த மழையைவிட அதிகம். நான் அன்றைக்கே கைவிட்டிருப்பேன். அவள் விடவில்லை. இருக்கிற பைத்தான் ரொம்பப் புதுசு, அதனால்தான் டிலிப் முறைக்கிறது என்று கண்டுபிடித்து, அதை எடுத்துவிட்டுப் பழையதை ஏற்றினாள். தன் செல்போன் டேட்டாவை எல்லாம் அதற்கே கொடுத்தாள். டிலிப் ஏறும்போது லேப்டாப் விசிறி போட்ட சத்தத்தில் எதிர்த் தறிக்கூடத்தில் தறி நின்றுவிட்டதோ என்று எட்டிப் பார்த்தேன். கடைசியில் திரையில் நல்ல வார்த்தை வந்ததும் கைதட்டினாள்.

"இப்ப உங்க மூஞ்சியக் காட்டுங்க மாமா. சிரிக்காதீங்க, மீசை ஆடுது."

என் மீசையை நீங்கள் பார்த்ததில்லை. பஸ் கண்டக்டர்கள் அதை அடையாளம் வைத்து ஸ்டாப்பிங் சொல்வார்கள்.

பூட்டு வாங்க நான்தான் மதுரைக்குப் போனேன். கடைக்காரர் கேட்டார், கரண்ட் போனால் திறந்துகொள்கிற பூட்டா, போனாலும் திறக்காத பூட்டா என்று. திறக்காததையே கேட்டு வாங்கினேன். கேமராவும் இரண்டாக வாங்கினேன், வாசலுக்கு வெளியே ஒன்று, உள்ளே ஒன்று. "உள்ள எதுக்கு மாமா?" என்றாள். மில்லில் அப்படித்தான் தாயி, வரவும் உண்டு, போக்கும் உண்டு என்றேன். சிரித்துக்கொண்டே அதற்கும் நிரல் எழுதிக் கொடுத்தாள். லேப்டாப்பை என் அறையில் வைத்துப் பூட்டினேன். பூட்டோடு வந்த அவசரச் சாவியும் அந்த அறை பீரோவில்தான். அறைச் சாவி என் இடுப்பில்.

இரண்டு மாதம் கதவு எங்கள் இருவருக்கும் திறந்தது. பிறகு கணேஷ்குமார் போன் செய்தான். வீடு கிடைத்துவிட்டதாம், ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறச் சொல்லு என்றான். அவள் பெட்டியில் துணி அடுக்கியபோது நான் அவள் முகத்தைப் பார்த்தேன். "மாசம் ஒருதரம் வாரேன் மாமா," என்றாள். முப்பது வருஷம் முகம் பார்த்தவன், மேடம். எனக்குத் தெரியாதா.

நான் யாரையும் பூட்டவில்லை. அவள் போட்டோ இருந்த ஃபோல்டரை வேறு இடத்துக்கு நகர்த்தினேன், அவ்வளவுதான். அவளே முன்பு காட்டித் தந்த ஒரு சின்ன எண்ணையும் மாற்றினேன். அந்த எண் குறையக் குறையக் கதவுக்குச் சந்தேகம் கூடும். மகன் என்னை உரித்துவைத்தவன். அவன் வந்து நின்று, கதவு அவனை நானென்று நினைத்துவிடக் கூடாது பாருங்கள். எண்ணைக் கிட்டத்தட்ட அடிமட்டத்துக்குக் கொண்டுபோனேன். பிறகு அந்தக் கதவு என்னையே தாய்மாமனிடம் விசாரித்துவிட்டுத்தான் விடும் என்கிற அளவுக்கு ஆனது.

ஞாயிற்றுக்கிழமை அவள் பெட்டியோடு கேமரா முன்னால் நின்றாள். சிவப்பு விளக்கு எரிந்தது.

"மாமா, என்னயத் தெரியலங்குது."

"வெளிச்சம் பத்தலையோ என்னமோ தாயி."

பொட்டை அழித்துப் பார்த்தாள், வைத்துப் பார்த்தாள், முடியை ஒதுக்கிப் பார்த்தாள். என் போட்டோவை மறுபடி ஏற்றுங்கள் மாமா, இப்படிச் செய்யுங்கள், அப்படிச் செய்யுங்கள் என்று பாடம் எடுத்தாள். சரி சரி என்றேன். செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு பாடம் எடுப்பதை நிறுத்திவிட்டாள். அவள் செல்போனும் ஞாயிற்றுக்கிழமையே என்னிடம் வந்துவிட்டது. மாமாவுக்கு உடம்பு சரியில்லை, பத்து நாள் கழித்து வருகிறேன், போனில் மைக் ரிப்பேர் என்று அவள் பேச்சு மாதிரியே மகனுக்கும் சம்பந்திக்கும் மெசேஜ் போட்டேன். நல்ல மருமகள் என்று சம்பந்திக்குப் பெருமை. எனக்கும்தான்.

குழம்பில் உப்புப் போடுவதை விட்டுவிட்டாள். சாப்பிட்டேன்.

அவள் மனசு மாற வேண்டும் என்று குலசாமிக்கு முடி நேர்ந்துகொண்டேன். திருச்சுழிப் பக்கம் கோயில். காலையில் பஸ் ஏறிப் போய் முடியிறக்கினேன். சாமிக்கு அரைகுறையாகக் கொடுக்கலாமா, மீசையையும் சேர்த்தே எடுக்கச் சொன்னேன். தலையில் சந்தனம் பூசிக்கொண்டு மத்தியானம் வீட்டு வாசலில் வந்து நின்றேன்.

சிவப்பு விளக்கு.

சந்தனத்தைத் துடைத்துவிட்டு நின்றேன். சிவப்பு. துண்டைத் தலைப்பாகையாகக் கட்டினேன், கரியால் மீசை வரைந்துகூடப் பார்த்தேன். என் கதவுக்கு என்னைத் தெரியவில்லை. ஊரில் ஒரு ஈ எறும்புக்கும் இப்படி நேர்ந்திருக்காது.

அவள் உள்ளே, நான் வெளியே. மீசை வளரட்டும் என்று படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். கேட்டவர்களிடம், வேண்டுதல், முடி முளைக்கும்வரை வீட்டுப்படி தாண்டக்கூடாது என்றேன். எங்கள் தெருவில் வேண்டுதல் என்றால் ஒரு கேள்வி கிடையாது. எலுமிச்சைச் சாதம் வந்தது, தயிர்ச் சாதம் வந்தது, அடுத்த தெருவிலிருந்து இரண்டு பேர் காலில் விழுந்து திருநீறு வாங்கிப் போனார்கள். ஒரு சுற்றுப் பெருத்துவிட்டேன்.

தட்டினாளா என்று கேட்கிறீர்கள். தட்டினாள். எங்கள் தெருவில் இரண்டு பக்கமும் விசைத்தறி. காதில் வாய் வைத்துக் கத்தினாலே பாதிதான் கேட்கும். கொல்லைப்பக்கம் கதவு கிடையாது, ஜன்னலைக் கொசுவுக்காக நான் முன்பே பலகை வைத்து அடித்திருந்தேன். கதவில் காதை ஒட்டி உட்கார்ந்திருந்த எனக்கு மட்டும் கேட்டது. வீட்டுக்குள் நாங்கள் பேசுவது கன்னடம், மேடம், அவள் என்னோடு பேசியதை உங்களுக்காகத்தான் தமிழில் சொன்னேன். அவள் கத்தியதெல்லாம் தமிழில். வெளியாளுக்குப் புரிய வேண்டும் என்று கத்தினாள். அதுதான் எனக்குக் கொஞ்சம் மனக்கஷ்டம்.

பிறகு வாசல் விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்தாள். தறிச் சத்தத்தில் ஒருவரை ஒருவர் கூப்பிட எங்கள் தெருவில் அதுதான் வழி. எதிர்த் தறிக்கூடத்து இன்பராஜை அவள் முன்பெல்லாம் அப்படித்தான் டீக்குக் கூப்பிடுவாள். அவன் வந்து நின்றான்.

"என்ன பெருசு, பல்பு மின்னுது. டீ போட்டாச்சா?"

"விரத வீட்டுல டீ ஏதுப்பா. ஒயர் லூசு."

"நான் வேணா பாக்கவா?"

"வேலையப் பாரு போ. தறியில நூல் அந்துரப் போகுது."

போய்விட்டான். நல்ல பையன். அவன்மேல் தப்பு எதுவும் எழுதாதீர்கள்.

நகராட்சித் தண்ணீர் எங்களுக்கு எப்போது வரும் என்று ஆண்டவனுக்கே தெரியாது. அந்த வாரம் வந்தது. வாசல் குழாயில் குடம் குடமாகப் பிடித்துப் படியில் வரிசையாக வைத்தேன். உள்ளே இருந்த டிரம்மும் மேல் தொட்டியும் அதற்குள் காலியாகியிருக்க வேண்டும். அவள் கதவுக்கு அந்தப் பக்கம் தரையில் படுத்துப் பேசினாள். குரல் கீழே இருந்து வந்தது. இப்போது கன்னடத்தில் பேசினாள். மாமா, தண்ணி என்றாள். எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. நம் பிள்ளை நம்மிடம் திரும்பி வந்துவிட்டது என்று தோன்றியது.

ஆமாம், அந்தச் சாவி. என் இடுப்பிலிருந்து நீங்கள் எடுத்து மேசைமேல் வைத்திருக்கிறீர்களே, அதுவேதான் அறைச் சாவி. கதவுக்கு அடியில் ஒரு விரல் போகிற இடைவெளி உண்டு. சாவியைத் தள்ளினால் அறையைத் திறப்பாள், பீரோவிலிருந்து அவசரச் சாவியை எடுப்பாள், வெளியே வருவாள். அவளும் அதைத்தான் கேட்டாள், "ரூம் சாவியத் தள்ளுங்க மாமா, நான் எங்கயும் போகல" என்று. குலசாமி கோயிலில் தொலைந்துவிட்டது தாயி என்றேன். அப்போது அதை விரலால் தடவிக்கொண்டுதான் இருந்தேன். குரல் மட்டும்தான் கேட்கிறது. முகத்தைப் பார்க்காமல் நான் எப்படிப் பாஸ் கொடுப்பது.

மறுநாள் குரல் வரவில்லை. விளக்கும் மின்னவில்லை. தூங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்கடுத்த நாள் மாதாந்திரப் பராமரிப்பு என்று பகல் முழுக்கக் கரண்ட்டை நிறுத்தினார்கள். நான் அதை மறந்துபோனேன், வயசாகிவிட்டது. தெருவில் அத்தனை தறியும் ஒரே மூச்சில் நின்றன. அந்த அமைதியில் ஒரு சத்தம், கதவை நகத்தால் பிறாண்டுகிற மாதிரி. தறி நின்றதால் வெளியே வந்த இன்பராஜிடம், எலி என்றேன். அவன் என் முகத்தைப் பார்த்தான். பிறகு தறிக்கூடத்திலிருந்து கடப்பாரையோடு வந்தான். என் கதவு அப்படி லேசில் விட்டுக்கொடுக்கவில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும்.

அவளைத் தூக்கி வந்தபோது படியில் இருந்த குடங்களைப் பார்த்தாள். உதடு வெடித்திருந்தது. நேற்று ஆஸ்பத்திரியில் அவள் கட்டிலுக்கு எதிரில் என்னை நிறுத்தி, இவர் உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டீர்கள். அவள் என்னை உச்சி முதல் பாதம்வரை பார்த்தாள். நிதானமாகத்தான் பார்த்தாள்.

"இவுக யாருன்னு எனக்குத் தெரியல," என்றாள்.

நீங்கள் அதை எழுதிக்கொண்டீர்கள். அவள்மேல் கோபப்படாதீர்கள், மேடம். மொட்டைத் தலை, மீசையில்லாத மேலுதடு. கதவே குழம்பிவிட்டது, சின்னப்பிள்ளை என்ன செய்யும். காலையில் தடவிப் பார்த்தேன், குத்த ஆரம்பித்துவிட்டது. இன்னும் கொஞ்சம் வளரட்டும், ஒருதரம் அவளைக் கூட்டி வந்து காட்டுங்கள். பார்த்தவுடனே மாமா என்பாள்.