சமைத்தவர் வெளியே வரவில்லை

கிழக்கேகோட்டை பஸ் நிறுத்தத்தில் என் பக்கத்தில் ஒரு மாமாவும் மாமியும் நின்றிருந்தார்கள். கல்யாண நாளுக்காக ஹோட்டலில் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தார்கள் என்பது பேச்சில் தெரிந்தது.

"சமைச்சவர் கடைசி வரைக்கும் வெளியில வரவே இல்லையே, ஏன்னா" என்றார் மாமி.

"அவர் எதுக்கு வரணும்?"

"டிவியில சமையல் பரிபாடி பார்த்தா, சமைச்சவா பக்கத்துலயே நிப்பா. நிகழ்ச்சி நடத்தற பொண்ணு ஒரு வாய் சாப்பிட்டு, கண்ணை மூடிண்டு, நன்னாருக்குன்னு சொல்லுவா. அப்போ சமைச்சவா மூஞ்சியைப் பார்க்கணும்."

"அது டிவியாக்கும். ஹோட்டல்ல பில்லு மட்டுந்தான் வரும், கேட்டியா."

என் பஸ் வந்தது. நான் ஏறவில்லை.

"ஆத்துல சமைக்கறச்சே, ஸ்வாமிக்கு நைவேத்யம் ஆகாம நான் உப்புகூடப் பார்க்கறதில்லை. நீங்க சாப்பிடறச்சே உங்க மூஞ்சியைப் பார்த்துத்தான் சரியா இருக்கான்னு நெனைச்சுக்கணும். நீங்க பேப்பருக்குப் பின்னாடி இருப்பேள்."

மாமா சாலையைப் பார்த்தார். "சரி, அவர் வந்திருந்தா என்ன சொல்லியிருப்பே?"

"அவியல் நன்னாருந்ததுன்னு சொல்லியிருப்பேன். அதை எப்படிச் சொல்றதுன்னு நீங்களும் ஒரு தடவை பார்த்திருப்பேள்."