அடையாற்று நண்டு

எழுதிப் பழக்கமில்லாத நான் எழுதுவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். அடையாறு பாலத்தில் பேருந்து நின்றபோது, முன் இருக்கையில் இரண்டு மீனவப் பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“காலைல நம்ம சாரு வெரல நண்டு கடிச்சிடுச்சிக்கா. மனுசன் சிரிக்கிறாரு!”

“யாரு, எவ்ளோ குப்பை வாரியும் ஆத்துல ஒரு உசுரு வரல, இன்னியோட நிறுத்திக்கலாம்னாரே, அந்த மாடி வீட்டு சாரா?”

“அவரேதான். நாம நட்ட அலையாத்திச் செடிக்குக் கீழ இருந்துச்சி.”

“கொழம்பு வச்சியா?”

“கூடையில போட்டுக்கினேன். ‘உட்டுடும்மா, இதுக்குத்தானே பாடுபட்டோம்’னு ரத்தம் சொட்டற வெரலோட கும்பிடறாருக்கா. உட்டுட்டேன். குப்பமே கைதட்டுச்சி.”

ஆற்று நாற்றத்துக்காக மூக்கைப் பொத்தியிருந்த கையை எடுத்துவிட்டு ஆற்றைப் பார்த்தேன்.

மறுநாள் காலை பாலத்தின் கீழே, விரலில் கட்டுப் போட்ட ஒருவர் அந்தப் பெண்களோடு குப்பை வாரிக்கொண்டிருந்தார்.