பெயர் வேண்டாத படிவம்

இன்று காலை பத்தேகாலுக்குத் தபால் ஆபீஸ் வரிசையில் எனக்கு முன்னால் இருவர் நின்றார்கள். இருவரும் மில்லில் வேலை போனவர்கள் என்பது பேச்சில் தெரிந்தது. மூத்தவர் கையில் அச்சடித்த படிவம் ஒன்று இருந்தது.

"என் தம்பி எனக்கே கேள்வி அனுப்பியிருக்கான் மாப்ள," என்றார் அவர்.

"யாரு, டில்லியில பொருளாதார ஆராய்ச்சி பண்றாரே, அவரா?"

"அவன்தான். தலைவருங்க மாறினா நாடு வளருதான்னு ஆராயுறான். மில்லுக்காரங்க எல்லாருக்கும் இது வந்திருக்கு. வெள்ளைக்காரன் போனப்புறம் உன் குடும்பம் மேலயா, அப்படியேவா, கீழயான்னு கேக்குறான்."

"உங்க சம்பளத்துல மெட்ராஸ்ல படிச்சவரு! ஒரு லெட்டர் போட்டுச் சொல்லக் கூடாதா மாமா?"

"போட்டேனே. அண்ணன் எப்பவும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லுவாருன்னு என் பொண்டாட்டிக்குப் பதில் எழுதினான்."

மூத்தவர் பேனாவை நீட்டினார்.

"இதுல பேர் போட வேணாமாம். நீயே எழுது. கீழன்னு போடு."

"உங்களுக்குத்தான் எழுதத் தெரியுமே?"

"என் எழுத்து அவனுக்குத் தெரியும். நான்தான்னு தெரிஞ்சா ஓரமா எடுத்து வெச்சிடுவான். வேத்தாள் எழுதினா நம்புவான்."