ஊசி வேண்டாம், முருகன் போதும்

ஊசி போட்டதும் வலி எங்கே போகிறது? எனக்கு இன்னும் தெரியவில்லை.

ஆறு வயது மகளுக்குச் சொத்தைப் பல் பிடுங்க பிரிக்ஃபீல்ட்ஸ் கிளினிக்கில் காத்திருந்தோம். ஊசி என்றாலே அழுவாள். மீசை வைத்த ஒருவர், மரத்துப்போக ஊசி போட்டுக்கொண்டு வெளியே வந்து மனைவி பக்கத்தில் உட்கார்ந்தார்.

“தைப்பூசத்துக்கு இதே கன்னத்துல வேல் குத்துனப்ப சிரிச்சீங்க. ஊசிக்கு என்னா இந்தக் கத்து கத்துறீங்க?”

“அது முருகன் லா. இது டாக்டர்.”

“இப்ப வலிக்குதா?”

“இல்ல. நரம்ப மறிச்சிட்டாராம். பல்லப் பிடுங்குனாலும் மூளைக்குச் சேதி போவாதாம்.”

“வேல் குத்துனப்ப யாரு மறிச்சா?”

அவர் யோசித்தார். “அப்ப சேதி போயிருக்கும். நான்தான் கண்டுக்கல.”

“நான் பேசுறப்ப மாதிரியா?”

அவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு மேலே சுற்றிய மின்விசிறியைப் பார்த்தார்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த மகள் என் காதில் சொன்னாள்: “அம்மா, எனக்கு ஊசி வேணாம். முருகன் போதும்.”

உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தும் அதையே சொன்னாள். டாக்டர் சிரித்தார், ஆனால் பல்லோடுதான் வீடு திரும்பினோம். அடுத்த வாரம் மறுபடி போக வேண்டும். முருகன் இருந்தாலும் ஊசியும் வேண்டும் என்று பிள்ளைக்கு எப்படிப் புரியவைப்பது? சமாளித்த அம்மாக்கள் யாராவது சொல்லுங்களேன்.