நாப்பத்திரெண்டு கன்னு போட்ட வாரம்

வாலை நான் தூக்கிப் பிடிச்சுக்கிறேன் டாக்டரம்மா, நீங்க ரத்தம் எடுங்க. பேரா? இங்க எந்த மாட்டுக்கும் பேரு கெடையாது, காதுல இருக்கிற நம்பர்தான். இது நாப்பத்திரெண்டு. கன்னு போட்டு இன்னையோட இருபது நாள். நல்லாத் தெரியும், நான்தான கன்னை இழுத்துப் போட்டேன்.

கன்னு போடுறதுக்கு முன்னாடி மூணு வாரம், போட்ட பின்னாடி மூணு வாரமா? இத்தனை தடவை எடுப்பீங்களா? பரவாயில்லையே. போன தடவை உங்க சார் சொன்னாரு. கன்னு போட்டதும் பால் மளமளன்னு எறங்குதாம், ஆனா அதுக்கு ஈடா மாட்டால திங்க முடியலையாம். அதனால தன் ஒடம்புக் கொழுப்பையே கரைச்சுப் பாலாக் குடுத்துட்டு நிக்குதாம். அதுல உள்ளுக்குள்ள துருப்பிடிக்கிற மாதிரி ஆயிடுதுன்னாரு. இரும்புக்குத்தான் துருப்பிடிக்கும்னு நெனச்சிருந்தேன் நான்.

சும்மா சொல்லக் கூடாது, ராஜ கவனிப்புதான். நாள் நெருங்கினா தனிக் கொட்டகை. கீழ ரப்பர் பாய், மேல ஃபேன். எடம் மாத்தக் கூடாது, வேற மாடு முட்டக் கூடாது, நாம சத்தமாப் பேசக் கூடாது. வைட்டமின் ஊசி வேற. ஒரு வேளை தீனி மிஞ்சினா நான் ஓடிப்போய் மேனேஜர்கிட்ட சொல்லணும்.

இதுவும் கன்னு போட்ட நாலாம் நாள் தீனியை மோந்து பாத்துட்டு மூஞ்சியைத் திருப்பிக்கிச்சு. கிட்டப் போனா மூச்சுல ஒரு வாடை, நகப்பூச்சு அழிப்பாங்களே, அந்த மருந்து மாதிரி. ஆமா, அதேதான், சர்க்கரை எறங்கிப்போச்சுன்னாங்க. சொன்ன அரை மணி நேரத்துல டாக்டர் வந்து நிக்கிறாரு. குளுக்கோஸ் பாட்டிலைத் தலைக்கு மேல புடிச்சுக்கிட்டு முக்கால் மணி நேரம் நின்னேன். மாடு பொழைச்சிருச்சு. மேனேஜர் மாட்டைத் தட்டிக் குடுத்துட்டுப் போனாரு.

அன்னைக்கே அவருகிட்ட இன்னொண்ணும் சொன்னேன். காலு ரெண்டும் வீங்கியிருக்கு சார், தலை இடிக்குது, கண்ணுக்கு முன்னாடி பூச்சி பறக்குது, ரெண்டு நாள் லீவு குடுங்கன்னு. புள்ளத்தாச்சின்னா அப்படித்தான் இருக்கும், என் வீட்டுக்காரிக்கும் இருந்துச்சு, இன்னும் மூணு மாடு கன்னு போட வேண்டியிருக்கு, அது முடியட்டும், அப்புறம் மொத்தமா எடுத்துக்கோன்னாரு. வீட்டுல சொன்னா எங்க வீட்டுக்காரரு, மேனேஜர் சொன்னா சரியாத்தான் இருக்கும்னாரு. ரெண்டு பேரும் சேந்து பெத்துக்கப் போற மாதிரி அவ்வளவு தைரியம்.

நானும் தீவன மூட்டையைத் தூக்கினேன். அவங்களைச் சொல்லி என்ன பண்றது. ஒரு மாடு தலையைத் தொங்கப் போட்டா கண்டுபிடிக்கத் தெரிஞ்ச எனக்கு என் ஒடம்பு தெரியலையே.

எட்டு மாசம். ரெண்டாவது நாளே தீவனத் தொட்டிகிட்ட விழுந்துட்டேன். பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாங்க. ரத்தக்கொதிப்பு எகிறிப்போச்சு, முன்னாடியே வந்திருக்கணும்னு அங்க இருந்த டாக்டரம்மா என்னைத்தான் திட்டினாங்க.

இல்ல, தொட்டித் தண்ணி தெறிக்கல. நீங்க பாக்குறது தெரியுது. முந்தானையை இழுத்து விட்டுக்கிட்டுத்தான் நிக்கிறேன், அப்பவும் நனைஞ்சிருது. அந்தப் பக்கத்துக் கொட்டகையில தாயை விட்டுப் பிரிச்சுக் கட்டின கன்னு கத்துது பாருங்க, அது கத்தினா தானா எறங்கிருது. கொழந்தையா? இல்ல டாக்டரம்மா. பொறக்கும்போதே அழல. பொம்பளப் புள்ள. பதினாலு நாளாச்சு. வேலைக்கு வந்து அஞ்சு நாளாவுது.

ஊசியை எடுத்துட்டீங்கன்னா வாலை விட்டுர்றேன்.

மாட்டுக்குப் பாலை வத்த வைக்க எனக்குத் தெரியும். தீனியைக் கொறைச்சுக் கறவையை நிறுத்தினா அடங்கிரும். நமக்கு என்ன பண்ணணும்னு யாரும் சொல்லல. நீங்க மாட்டு டாக்டருதான், தெரியுது. இருந்தாலும் கேக்குறேன்.