முருகனை எடுத்த பிறகு

மேட்டுப்பாளையம் பஸ்ஸில் தூங்குவதுபோல் நடித்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்த ஒரே கலை அதுதான், ஒட்டுக்கேட்க வசதி. முன் இருக்கையில் லேபில் வேலை செய்யும் இரண்டு பெண்கள். ஒருத்திக்கு விரலில் கட்டு.

“முருகனை எடுத்துப்போட்டாங்க அம்மணி,” என்றாள் கட்டுப் போட்டவள். என் நடிப்புத் தூக்கம்கூடக் கலைந்துவிட்டது.

“எந்த முருகனுங்க்கா?”

“ரத்தம் பாக்கற மிஷின் கதவுல ஒட்டியிருந்த காந்தப் பொம்மை. அது இருந்தா, கதவு தொறந்திருந்தாலும் மூடியிருக்குதுன்னு நெனச்சு மிஷின் ஓடும். நேத்து உள்ள கையை உட்டேன், ஊசி விரல்ல எறங்கிருச்சு. இஞ்சினியர் வந்து முருகனைப் புடுங்கிப்போட்டு, கதவைப் பூட்டிட்டாரு. அதைத் தொறக்கற பாஸ்வேர்டு அவருகிட்டத்தான்.”

“நல்லதுதானுங்க்கா?”

“இன்னிக்கு மிஷின் பாதில நின்னுபோச்சு. காய்ச்சலோட வந்த மூணு வயசுப் புள்ளையோட ரத்தம் உள்ளயே மாட்டிக்குச்சு. இஞ்சினியர் போனையே எடுக்கல. அந்தப் புள்ளையை மறுபடியும் குத்தினேன்.”

“அழுதுச்சுங்களா?”

“மொதல்ல குத்தினப்போ ஆசுபத்திரியே அதிர அழுதா. ரெண்டாவது தடவை அழவே இல்ல கண்ணு. அவளே கையை நீட்டிட்டா.”