ஓடாமல் தேய்ந்த பட்டன்

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஏறி ஸ்ரீரங்கம் போய்க்கொண்டிருந்தேன். முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும். கணவர் மடியில் காரின் ஸ்டீயரிங்கில் வைக்கிற புது பட்டன் செட் இருந்தது.

“ஓடாமலே தேஞ்ச வண்டி ஊர்லயே நம்மளுதுதான்” என்றார் அந்த அம்மா. என் காது அங்கே போய்விட்டது.

“கார் வாங்க வந்த மணப்பாறைக்காரர் பட்டன் தேஞ்சிருக்கிறதைப் பார்த்துட்டு, வண்டி நிறைய ஓடியிருக்கு, மீட்டர்ல கிலோமீட்டரைக் குறைச்சிருக்கோம்ங்கறாரு. மூணாவது ஆளு. இவரும் போயிட்டா வண்டி விக்காது. புதுசு போட்டுடலாம்” என்றார் கணவர்.

“அவர் பார்த்தப்புறம் மாத்தினா திருடன்னே முடிவு பண்ணிடுவாரு. போனைப் போட்டுக் குடுங்க.”

போட்டுக் கொடுத்தார்.

“சார், மீட்டர் பொய் சொல்லலைங்க. எங்க வீட்டுக்காரர் தினம் சாயங்காலம் வாசல்ல நிக்கிற கார்ல உட்கார்ந்து பாட்டு கேப்பாரு. அந்தப் பட்டன்ல சத்தத்தைக் கூட்டிக் குறைச்சே தேஞ்சதுங்க... வீட்டுக்குள்ளயா? உள்ள நான் சீரியல் பார்ப்பேனே.”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பஸ் காவிரிப் பாலத்தில் ஊர்ந்தது. அந்த அம்மா கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுப் போனை வைத்தார்.

“என்னவாம்?”

“எடுத்துக்கறாராம். அவர் வீட்டுலயும் சீரியல் ஓடுதாம்.”